குரல் கொடுக்கும் தொழில்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை என்று வரும் நிலையங்களில் வண்டியின் வரவை மலையாளக் குரல் ஒன்று அறிவிக்கும். பாறசாலையைக் கடந்து சிறிது நேரத்தில் குழித்துறையை அடைந்தால் அங்கே தமிழ்க் குரல் அறிவிக்கும். இடையில் மலையும் இல்லை, கடலும் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் வகுக்கப்பட்ட மாநில எல்லை ஒன்றுதான் உண்டு. அந்த எல்லையை நமக்கு நாள்தோறும் உணர்த்துவன பெயர்ப்பலகைகள் மட்டும் அல்ல, குரல்களும்தாம்.

அக்குரல்களுக்கு உரியவர் யார் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. வானொலியில் செய்தி சொல்பவர், திரைப்படத்தில் நடிகைக்காகப் பேசுபவர், விளம்பரத்தில் சோப்பின் பெருமை கூறுபவர், தொலைபேசியில் "எண் ஒன்றை அழுத்துக" என்று வழிகாட்டுபவர் ஆகிய இவர்கள் எல்லோரும் முகம் காட்டாமல் நம் வீட்டுக்குள் வந்து போகும் உழைப்பாளிகள். இவர்கள் செய்யும் தொழில் எத்தனை வகைப்படும், ஒவ்வொன்றுக்கும் என்ன தேர்ச்சி வேண்டும், அத்தொழிலில் எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டு மொழிகளுக்கு நடுவில் வளரும் நம் பிள்ளைகளின் பேச்சை நாமே பல வேளைகளில் குறையாக எண்ணி நாணுகிறோம். அது குறையா, முதலா என்பதையும் இத்தொழில் நமக்குக் காட்டும்.

பழைய வேர்கள்

குரலை மட்டும் கொண்டு கதையை நிறுத்தும் கலை நம் பக்கத்துக்குப் புதியது அன்று. தென் திருவிதாங்கூரின் கோயிற் கொடைகளில் வில்லுப்பாட்டுக்காரர் ஒருவரே அரசனாகவும் அடியவனாகவும் தாயாகவும் மாறி மாறிப் பேசுவார். வேடம் இல்லை, திரை இல்லை. குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே பாத்திரங்கள் பிரிந்து நிற்கும். மலையாளத்தில் கதாபிரசங்கம் அவ்வாறே வளர்ந்தது. வி. சாம்பசிவன் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைக் கதாபிரசங்கமாகச் சொன்னபோது, ஆங்கிலம் அறியாத உழவரும் தொழிலாளரும் திரண்டு கேட்டனர்.

பேசாப் படங்கள் ஓடிய காலத்தில் கொட்டகைகளில் ஒருவர் நின்று திரையில் நடப்பதை உரத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். எழுத்தறியாத மக்களுக்கு அவர் குரலே படத்தின் குரல். பின்னர்ப் பேசும் படம் வந்தது. மலையாளத்தின் முதற் பேசும் படமான "பாலன்" 1938இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் உரிமையாளர் டி. ஆர். சுந்தரம். மலையாளத் திரை முதன்முதலாக வாய் திறந்ததில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பங்கு இருந்தது என்பதை நினைக்குங்கால், இரு மொழிகளின் உறவு எத்துணை நெருக்கமானது என்பது புலனாகும்.

வானொலியும் நமக்கு அண்மையிலேயே பிறந்தது. திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்று, 1950 ஏப்ரல் 1ஆம் நாள் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. திருநெல்வேலி நிலையம் 1963இலும், நாகர்கோவில் நிலையம் 1984இலும் எழுந்தன. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை நாகர்கோவிலுக்கு உரியது. இவற்றோடு கடல் கடந்து வந்த இலங்கை வானொலியும் சேர்ந்துகொண்டது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழ் தென்கோடித் தமிழர் பலருக்கு உச்சரிப்பின் பள்ளிக்கூடமாக விளங்கியது என்பது மிகையன்று.

செய்தியும் அறிவிப்பும்

குரல் தொழிலின் வகைகளுள் முதலாவது செய்தி வாசிப்பு. தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியையும், மலையாளச் செய்தி வாசித்த கோபனையும் அறியாத எல்லைப்புறத்து முதியோர் அரியர். கோபன் 2019இலும் சரோஜ் நாராயண்சுவாமி 2022இலும் மறைந்தனர். இவ்விருவரின் வாசிப்பிலும் ஒரு பொதுப்பண்பு இருந்தது. மரணச் செய்தியாயினும் வெற்றிச் செய்தியாயினும் அவர்கள் குரல் அழவும் இல்லை, துள்ளவும் இல்லை. ஆயினும் கேட்பவர் நெஞ்சில் செய்தியின் கனம் இறங்கியது. உணர்ச்சியைக் கேட்பவருக்கே விட்டுவிடுவதுதான் செய்தி வாசிப்பவரின் அறம்.

அதற்கு வேண்டிய தேர்ச்சி யாது? வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை வாய் திறக்குமுன் கண் கண்டுகொள்ள வேண்டும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் நிற்பது. "பேச்சுவார்த்தை நடத்துவதற்காக வந்திருந்த குழுவினர்" என்று தொடங்கும் வாக்கியம் எவ்வாறு முடியும் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். ஆகவே மூச்சைச் சிக்கனமாகச் செலவிட்டு, ஈற்று வினையைத் தெளிவாக ஒலிக்க வேண்டும். பழகாதவர் வாக்கியத்தின் தொடக்கத்தில் மூச்சை எல்லாம் இறைத்துவிட்டு, முடிவை விழுங்கிவிடுவர். "சென்றார்" என்றாரா, "சென்றிலர்" என்றாரா என்று கேட்பவர் திகைப்பர்.

இரண்டாவது வகை அறிவிப்பு. இருப்புப்பாதை நிலையங்களில் நாம் கேட்பது பெரும்பாலும் அப்போதைக்கப்போது ஒருவர் பேசுவது அன்று. எண்கள், ஊர்ப்பெயர்கள், "நடைமேடை", "தாமதமாக" முதலிய சொற்கள் தனித்தனியே முன்னரே பதிவு செய்யப்பட்டு, வேண்டிய வரிசையில் கணினியால் கோக்கப்படுகின்றன. பூக்கட்டுபவர் ஒரே அளவுப் பூக்களைத் தேர்வது போல, குரல் கொடுப்பவர் எல்லாச் சொற்களையும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் சொல்ல வேண்டும். காலையில் சொன்ன "ஆறு"ம் மாலையில் சொன்ன "ஏழு"ம் அருகருகே வைக்கப்படும்போது ஒரே மூச்சில் வந்தன போலத் தோன்ற வேண்டும். தொடரின் நடுவில் வரும் எண்ணும் தொடரின் இறுதியில் வரும் எண்ணும் இழைவில் வேறுபடும் ஆதலின், நுட்பமான பதிவுகளில் ஒவ்வோர் எண்ணையும் இரு விதமாகச் சொல்லிவைப்பதும் உண்டு. கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இவ்வேலை, செய்வதற்கு மிகவும் பொறுமை வேண்டுவது.

மும்பையில் 1982இல் மத்திய ரயில்வேயின் அறிவிப்புப் பணியில் சேர்ந்த சரளா சௌத்ரி என்னும் பெண்மணியின் இந்திக் குரல், அவர் அப்பணியை விட்டு நெடுங்காலம் ஆன பின்னரும் நிலையங்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. உடல் ஓரிடத்தில், குரல் ஆயிரம் இடங்களில் என்னும் இந்த விந்தை, இத்தொழிலின் பெருமையும் ஆகும். பின்னர்க் காணப்போகும் சிக்கலும் ஆகும்.

அறிவிப்பின் நாட்டுப்புற வடிவம் ஒன்று நம் தெருக்களிலேயே உண்டு. கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள், தேர்தல், புதுக்கடை திறப்பு எதுவாயினும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்போ ஆட்டோவோ வருகிறது. ஓடும் வண்டியிலிருந்து கேட்பவன் காதில் ஒரு வாக்கியம் முழுதாக விழாது. எனவே ஊர், நாள், நேரம் மூன்றையும் சிறு சிறு துண்டுகளாக்கித் திரும்பத் திரும்பச் சொல்லுதல் வேண்டும். இதில் தேர்ந்தவர்கள் எங்கும் பயின்றவர்கள் அல்லர். தெருவே அவர்கள் ஆசான்.

விவரணமும் விளம்பரமும்

மூன்றாவது வகை விவரணம். செய்திப்படம், பாடப்படம், அருங்காட்சியகத்தின் ஒலிவழிகாட்டி, ஒலிநூல் முதலியன இதில் அடங்கும். இங்கே குரல் காட்சியின் முன்னால் ஓடக்கூடாது, பின்னால் இழுபடவும் கூடாது. கண் பார்த்துக்கொண்டிருப்பதை வாய் மீண்டும் சொன்னால் கேட்பவர் சலிப்பர். காண்பதற்கு அப்பால் உள்ளதைச் சொல்வதே விவரணம். இதற்கு நேர்மாறானது பார்வையற்றோர்க்காகப் படக்காட்சியை வாயால் விவரிக்கும் பணி. அங்கே காண்பதைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் பாத்திரங்கள் பேசாத இடைவெளியில் சில விநாடிகளுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஒலிநூல் வாசிப்போர்க்கு வேண்டுவது நீடித்த வலிமை. முதல் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்த குரலை, பல நாட்கள் கழித்துப் பதிவாகும் இருபதாம் அத்தியாயத்திலும் மாறாமல் கொடுக்க வேண்டும்.

நான்காவது விளம்பரம். 10, 20, 30 விநாடிகள் என்று அளந்து தரப்படும் சிறு நேரத்துள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பது இதன் இலக்கணம். தமிழ்ச் சொற்கள் விகுதிகள் சேர்ந்து நீள்வன. ஆங்கில விளம்பரத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்தால் 30 விநாடியில் அடங்காது. வேகமாகப் பேசி அடக்கினால் பொருள் விளங்காது. நல்ல குரல் தொழிலாளி பெயர்ப்பாளரிடம் எந்தச் சொல்லைச் சுருக்கலாம் என்று பணிவோடு சொல்லும் மொழியறிவும் உடையவராக இருப்பார்.

விளம்பரக் குரல் என்றால் கொஞ்சலும் குழைவும்தான் என்று எண்ணற்க. திரையரங்குகளில் புகையிலையின் தீமையைச் சொல்லும் அரசு விளம்பரத்தை யாவரும் கேட்டிருப்போம். மனிதனின் நுரையீரலைப் பஞ்சுக்கு ஒப்பிடும் அந்த விளம்பரத்தின் மலையாளக் குரல், மேலே நாம் கூறிய செய்தி வாசிப்பாளர் கோபனுடையது. செய்தியால் மக்களின் நம்பிக்கையைப் பெற்ற குரல், எச்சரிக்கை சொல்லும்போதும் நம்பப்பட்டது. நம்பகம் என்பது நீண்ட நாள் வாசிப்பால் சேர்க்கப்படும் செல்வம்.

பிறர் வாய்க்குத் தம் குரல்

ஐந்தாவது வகையே யாவற்றுள்ளும் கடினமானது. அதுதான் படங்களில் நடிப்பவர்க்காகப் பேசும் டப்பிங் தொழில். 1943இல் வந்த கன்னட "சத்திய ஹரிச்சந்திரா"வை ஏ. வி. மெய்யப்பன் 1944இல் தமிழ் பேசவைத்தார். தமிழின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதனையே கூறுவர். அன்று தொடங்கி இன்றுவரை பிறமொழிப் படங்களுக்குத் தமிழ்க் குரலும், தமிழ் அறியாத நடிகையர்க்குத் தமிழ்க் குரலும் கொடுத்து வருபவர்கள் பலர்.

"முதல் மரியாதை" (1985) படத்தில் ராதாவுக்குப் பேசியவர் ராதிகா. "பம்பாய்" (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசியவர் ரோகிணி. "காதலன்" (1994) படத்தில் பிரபுதேவாவுக்குப் பேசியவர், பின்னாளில் புகழ் பெற்ற நடிகர் விக்ரம். அந்நாளில் அவருக்கு அது வயிற்றுப்பாட்டுக்கும் கலைப் பயிற்சிக்கும் ஒருங்கே உதவிய வேலை. இப்பெயர்களைப் பார்க்கும்போது, டப்பிங் என்பது நடிக்கத் தெரியாதார் செய்யும் எளிய வேலை அன்று, நடிப்பின் பாதியே அது என்பது விளங்கும்.

அதன் வேலைமுறையைச் சிறிது நோக்குவோம். பழைய நாளில் படச்சுருளின் ஒரு துண்டை வளையமாக ஒட்டி, அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பேசவைப்பர். இப்போது கணினித் திரையில் காட்சியும் காலக்கணக்கும் ஒன்றாக ஓடுகின்றன. கருவி மாறினும் கண்ணின் வேலை மாறவில்லை. திரையில் உதடுகள் ஒட்டும் இடத்தில் குரலும் உதடு ஒட்டும் எழுத்தில் அமைய வேண்டும். ப, ம என்னும் எழுத்துக்கள் உதடுகள் கூடினாலன்றிப் பிறவா. நடிகை வாய் திறந்து நிற்கையில் "அம்மா" என்ற ஒலி வந்தால், எழுத்தறியாத பாட்டியும் "பேச்சு ஒட்டவில்லை" என்று சொல்லிவிடுவார். ஆதலால் வசனத்தைப் பெயர்ப்பவர் பொருளை மட்டும் பார்த்தால் போதாது; உதட்டையும் பார்க்க வேண்டும்.

மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பேசும்போது வரும் சிக்கல் ஒன்று நமக்கு நன்கு விளங்கும். மலையாளத்தில் "அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு" என மூவர்க்கும் வினைமுற்று ஒன்றே. தமிழிலோ "வந்தான், வந்தாள், வந்தார்" என்று ஈறு மாறும். மலையாள நடிகர் "வந்நு" என்று ஈரசையில் வாயை மூடிவிடுகிறார். தமிழ்க் குரலோ அங்கே ஒரு விகுதியையும் ஒட்டி முடித்தாக வேண்டும். அதுமட்டுமன்று, மூலத்தில் பெயர் சொல்லாமல் "வந்நு" என்று மட்டும் இருந்தால், வந்தவர் ஆணா பெண்ணா, மதிப்புக்குரியவரா நெருங்கியவரா என்பதைத் தமிழ் முடிவு செய்தே தீர வேண்டும். கணவனைக் குறித்து மனைவி "வந்தான்" என்றாளா "வந்தார்" என்றாளா என்பதில் ஒரு குடும்பத்தின் நிலைமையே மாறிவிடும். இதனை ஒரு நொடியில் உணர்ந்து திருத்தக்கூடியவர் இரு மொழியையும் வீட்டுமொழியாகக் கொண்டவரே.

நாகவல்லியின் தமிழ்

எல்லைப்புறத்தார் மறவாமல் அறிந்துகொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1993 டிசம்பரில் பாசில் இயக்கி வெளிவந்த "மணிச்சித்திரத்தாழ்" என்னும் மலையாளப் படத்தை அறியாதார் இலர். அதன் காட்சிகளிற் சில படமாக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை, பாறசாலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில் தக்கலையை அடுத்து உள்ளது. இடம் கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடம். இரண்டு மாநிலத்துக்கும் உரிய அந்த அரண்மனையில், இரண்டு மொழி பேசும் ஒரு பெண்ணின் கதை படமானது பொருத்தமே.

கதையின்படி கங்கை என்னும் மலையாளப் பெண், தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்னும் நடனமாதாகத் தன்னைக் கருதிக்கொண்டு தமிழில் பேசத் தொடங்குகிறாள். நடித்தவர் ஷோபனா. அப்படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதையும் பெற்றார். கங்கையின் மலையாளத்துக்குக் குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற டப்பிங் கலைஞர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழையும் அவரே பேசினார் என்று 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கேரளம் நம்பியிருந்தது.

2016இல் இயக்குநர் பாசில் மனோரமா வார இதழில் எழுதியபோதுதான் உண்மை வெளிவந்தது. முதலில் இரண்டையும் பாக்கியலட்சுமியே பேசியிருக்கிறார். எனினும் கங்கையின் குரலுக்கும் நாகவல்லியின் குரலுக்கும் ஒற்றுமை தென்படுவதாகப் படக்குழுவினர் கருதியமையால், தமிழ்ப் பகுதியைத் தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா என்பாரைக் கொண்டு மீண்டும் பதிவு செய்தனர். ஓர் உடல், இரண்டு மொழி, இரண்டு குரல். படம் கண்டோர் மெய்சிலிர்த்த அந்தத் தமிழ்க் குரலுக்கு உரியவர் பெயர், அத்தனை ஆண்டுகளாகப் பொதுமக்களுக்குத் தெரியாமலே இருந்தது. தம் குரலுக்கு மாற்றாக வேறொரு குரல் சேர்ந்தது பாக்கியலட்சுமிக்கும் நெடுநாள் தெரியாது.

இதில் யாரையும் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய படிப்பினைகள் இரண்டு. ஒன்று: இரு மொழியில் தேர்ந்த கலைஞர்க்கும் தாய்மொழியில் ஊறிய குரலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது அறிகிறது. மற்றொன்று: இத்தொழிலில் உழைப்பு நிலைக்கிறது, பெயர் மறைகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வோம்.

எல்லைப்புறத்து நா

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கின்றனர். ஊருக்குப் போனால் "மலையாளத் தமிழ்" என்று உறவினர் நகைக்கின்றனர். பள்ளியிலோ "தமிழ் மலையாளம்" என்று தோழர் நகைக்கின்றனர். ஆயினும் குரல் தொழிலின் அளவுகோல் கொண்டு பார்த்தால் இந்த நாவுக்கு இருக்கும் நலன்கள் சிறியன அல்ல.

சிறப்பு ழகரத்தை மலையாளம் விடாது காத்து வருகிறது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் "மழை" "மளை" ஆகவும், "வாழைப்பழம்" "வாளப்பளம்" ஆகவும் ஒலிக்கையில், எல்லைப்புறத்துப் பிள்ளை இயல்பாகவே ழகரத்தை ஒலிக்கிறது. ர, ற இரண்டின் வேறுபாடும், "காற்று", "நேற்று" என்பவற்றில் வரும் இரட்டை றகரத்தின் பழைய ஒலியும் மலையாளத்தால் காதில் பதிந்துள்ளன. இவை ஒலிவாங்கியின் முன் விலைமதிப்புடையவை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பதில் பயனில்லை. மலையாளத்தில் மெல்லினம் தன்னை அடுத்த வல்லினத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. மாங்காய் "மாங்ங" ஆகிறது. தேங்காய் "தேங்ங" ஆகிறது. வந்து என்பது "வந்நு" ஆகிறது. தமிழ் பேசும்போதும் இந்த மூக்கொலி புகுந்தால் காது உடனே கண்டுகொள்ளும். மேலும், தமிழ் எழுதப் படிக்க அறியாத பிள்ளைகள் தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கின்றனர். மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் எழுத்து ஒன்றே ஆதலின், எழுதும்போதே வேறுபாடு தொலைந்துபோகிறது. இக்குறைக்கு மருந்து குரல் பயிற்சி அன்று, தமிழ் எழுத்தறிவே. தாய்மார்கள் நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தால், அது பண்பாட்டுக்கு மட்டுமன்றிப் பிழைப்புக்கும் துணையாகும்.

இரண்டு மொழி தெரிந்திருப்பது வேறு. இரண்டையும் கலவாமல் வைத்திருப்பது வேறு. ஒரே அலமாரியில் இரண்டு தட்டு போல அவை பிரிந்திருக்க வேண்டும். வீட்டில் கலந்து பேசுவது குற்றம் அன்று. பிரித்துப் பேச வேண்டிய இடத்தில் பிரிக்கத் தெரிவதே தேர்ச்சி.

இத்தொழிலை விரும்பும் இளைஞர்க்கும் இளம்பெண்டிர்க்கும் சில பயிற்சிகளைக் கூறுவோம். நாள்தோறும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். படிக்குமுன் மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடிடுங்கள். கைபேசியில் பதிவு செய்து, உடனே கேளாமல் மறுநாள் கேளுங்கள். அப்போதுதான் பிறர் காதால் கேட்பது போல் குறை தெரியும். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சற்றே பக்கவாட்டில் பேசுங்கள். பகரம் பேசும்போது மூச்சுக்காற்று நேரே மோதினால் வெடிப்பொலி பதியும். தனி ஸ்டூடியோ இல்லையே என்று கவலற்க. துணிகள் தொங்கும் அலமாரியின் முன் நின்று பதிவு செய்தால் சுவரின் எதிரொலி பெரிதும் அடங்கும்.

தொண்டையைக் காப்பதும் தொழிலின் பகுதியே. திருவிழாக் காலத்தில் நாள் முழுதும் கத்தும் அறிவிப்பாளர் சிலர் சில ஆண்டுகளில் குரலை இழந்துவிடுகின்றனர். கத்த வேண்டுவது ஒலிபெருக்கி, மனிதன் அல்லன். அடிக்கடி தண்ணீர் அருந்துதல், கனைத்துக்கொண்டே இராமை, புகை ஒழித்தல் ஆகியன இன்றியமையாதன. குரற்கம்மல் 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைக் காண்பதில் தாமதம் கூடாது.

பெயரும் உரிமையும்

இனி இரண்டாவது படிப்பினைக்கு வருவோம். குரல் கொடுப்போர்க்கு விருது வழங்கும் வழக்கம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மாநில அளவில் உண்டு. தொழிற்சங்கங்களும் உண்டு. ஆயினும் எல்லைப்புறச் சிற்றூர்களிலிருந்து விளம்பரத்துக்கும் இணையக் காணொளிக்கும் வீட்டிலிருந்தே குரல் அனுப்பும் பிள்ளைகளுக்கு இச்சங்கங்களின் பாதுகாப்பு எளிதில் எட்டுவதில்லை. பேசிய கூலியைக் கேட்கவே கூசுகின்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, கலை நிகழ்த்துவோர்க்குத் தம் பெயரால் அறியப்படும் உரிமையும், தம் நிகழ்ச்சி சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையும் தெளிவாக வழங்கப்பட்டன. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு. திரைப்படத்தில் இடைநிகழ்வாகச் சிறு பங்கு கொண்டு, தொழில் வழக்கப்படி எங்கும் பெயர் குறிக்கப்படாதவர், சிதைவைத் தடுக்கும் உரிமை நீங்கலாக, பிறவற்றுக்கு "நிகழ்த்துநர்" எனக் கருதப்படார். இதன் பொருளை நன்கு உணர வேண்டும். பெயர் போடுவது வெறும் பெருமைக்கு அன்று. பெயர் இல்லாமை வழக்கமாகிவிட்டால், அவ்வழக்கமே உரிமைக்குத் தடையாக நிற்கக்கூடும்.

இப்போது வந்துள்ள செயற்கை நுண்ணறிவு இச்சிக்கலைப் பன்மடங்கு ஆக்கிவிட்டது. ஒருவர் குரலின் சிறு மாதிரியைக் கொண்டு, அவர் சொல்லாத சொற்களையும் அவர் குரலிலேயே சொல்லவைக்க இயலும். 2024இல் வந்த "லால் சலாம்" படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் அமீது இருவரின் குரல்களையும் ஏ. ஆர். ரகுமான் இவ்வாறு மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்தே அதைச் செய்ததாக அவர் அறிவித்தார். இசைவும் ஊதியமும் என்னும் இந்த இரண்டையும் கேட்கும் வழக்கம், மாதிரிக் குரல் அனுப்பும் நம் இளைஞரிடமும் வேரூன்ற வேண்டும்.

ஆகவே குரல் அனுப்புமுன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுக. இக்குரல் எந்தப் பணிக்கு? எத்தனை காலத்துக்கு? பெயர் குறிக்கப்படுமா? கணினிக்குக் கற்பிக்கவோ, நகல் எடுக்கவோ பயன்படுத்தப்படுமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது விடையானால், அது ஒரு நாட்கூலி அன்று, வாழ்நாள் விற்பனை என்று அறிந்து விலை பேசுக. சிறார் குரலாயின் பெற்றோரே இதனைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இயந்திரம் வந்துவிட்டதே, இனி மனிதக் குரலுக்கு வேலை உண்டா என்று சிலர் ஐயுறலாம். நிலைய அறிவிப்பும் தொலைபேசி வழிகாட்டலும் பெரிதும் இயந்திரத்திடம் போகக்கூடும். ஆனால் "வந்தான்" என்பதா "வந்தார்" என்பதா என்று ஒரு மனைவியின் மனத்துள் புகுந்து முடிவு செய்வதும், தஞ்சைப் பெண்ணின் சினத்தை மலையாளக் காதுக்கும் அச்சம் தரும்படி தமிழில் ஒலிப்பதும், வாழ்ந்து பெற்ற மொழியறிவால் ஆவன. அவ்வறிவு நம் எல்லைப்புற வீடுகளில் விலையின்றிக் கிடக்கிறது. அதனை எழுத்தறிவால் துலக்கி, பயிற்சியால் செப்பனிட்டு, உரிய விலைக்கும் உரிய பெயருக்கும் உரியதாக்குவது நம் கடமை.

நம் பிள்ளைகள் இருமொழி நாவை எண்ணி இனி நாணற்க. தமிழைத் தமிழாகவும் மலையாளத்தை மலையாளமாகவும் பேசுக. பேசிய பின், "இது என் குரல்" என்று தலை நிமிர்ந்து சொல்லுக.